கிருஷாந்தியின் மூக்கு

எனக்கு முன்கோபம் அதிகம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மனைவி பெற்றிசியா சொல்லிவிடுவாள். பேசாலையில் பிறந்து, முப்பது வருடம் கடலுக்குப் போய், கடைசியில் வள்ளத்தை விற்றுவிட்டு வாடகைக் கார் ஓடுகிறவன் நான். பெயர் அருட்பிரகாசம். ஆனால் இது என் கதையல்ல. மன்னார் பெற்றோல் செட்டில், காஸ் பம்புக்குப் பக்கத்தில் நிற்கிற கிருஷாந்தியின் கதை. இதில் என்னுடைய பங்கு மெச்சத்தக்கதல்ல. அதனால்தான் என் குணத்தை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

என் கார் காஸில் ஓடுவது. பழைய யப்பான் கார். நீர்கொழும்பில் ஒருவரிடம் வாங்கும்போதே பின்பெட்டிக்குள் காஸ் தாங்கியை வைத்து மாற்றியிருந்தார்கள். பெற்றோலில் ஓடுகிற பக்கம் செத்துப்போய்க் கனகாலம். காஸ் இல்லையென்றால் அது கார் அல்ல, கோழிக்கூடு. எங்கள் கடலுக்கு அடியில் இயற்கை வாயு மலைமலையாகக் கிடக்கிறது என்று கனகாலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கிடக்கட்டும். என் காருக்கு வேண்டிய காஸ் கொழும்பிலிருந்து லொறியில்தான் வருகிறது. அதை நிரப்ப நான் பேசாலையிலிருந்து உப்புக்குளத்துக்குக் கிட்ட இருக்கிற அந்தச் செட்டுக்குத்தான் போகவேண்டும். வேறு இடம் இல்லை.

அங்கே காஸ் பம்ப் வந்த புதிதில் அதைத் தொட ஒருவரும் முன்வரவில்லை. பெற்றோல் அடிக்கிற பெடியன்கள் எல்லாரும் இரண்டடி பின்னால் போனார்கள். ஷெல்லடிக்குள் வளர்ந்தவர்கள்கூட, "ஐயோ காஸோ, வெடிக்கும்" என்றார்கள். செட் முதலாளி கொன்ஸ்ரன்ரைன், "கொழும்பில ரெண்டு கிழமைப் பயிற்சி. ஆர் போறியள்?" என்று கேட்டபோது, செட்டைக் கூட்டிக்கொண்டிருந்த கிருஷாந்திதான் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, "நான் போறன்" என்றாளாம். முதலாளி அவளை மேலும் கீழும் பார்த்தாராம். வேறு ஆள் இல்லை. அனுப்பினார்.

கிருஷாந்திக்கு முப்பத்தொரு வயது. நறுவிலிக்குளத்திலிருந்து காலை பஸ்ஸில் பாலம் கடந்து வருவாள். அவளுடைய அப்பா பெரியசாமியின் ஆட்கள் கலவரத்துக்குத் தப்பி மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து அங்கே குடியேறியவர்கள். சொந்தக் காணி இல்லை. அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றுதான் பிள்ளைகளை வளர்த்தார்கள். பெரியசாமிக்கு முழங்கால் போனபிறகு அந்த வீட்டில் மாதம் தவறாமல் வருகிற சம்பளம் கிருஷாந்தியுடையது ஒன்றுதான். அவள் பேசுவது எங்கள் பேச்சுத்தான். ஆனால் அவசரத்தில் அவளுடைய வீட்டுப் பேச்சும் வந்து கலந்துவிடும். 'அண்ணை' என்று தொடங்கி 'அண்ணே' என்று முடிப்பாள்.

அவள் காஸ் நிரப்புகிற முறையைப் பார்க்கவேண்டும். வாகனம் வந்து நின்றதும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுவாள். உள்ளே இருக்கிற எல்லாரும் இறங்கவேண்டும். எனக்கு அது பிடிக்காது. "நான் என்ன குண்டே கொண்டு வந்தனான்?" என்று முறைப்பேன். அவள் மூன்று தரம் சொன்ன பிறகுதான் இறங்குவேன். அவளும் மூன்று தரமும் ஒரே குரலில்தான் சொல்லுவாள். பிறகு, காஸ் போகிற வாயின் மூடியைத் திறந்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் ஒருதரம் மூச்சை இழுப்பாள். ஒரு வெள்ளைத் துணியால் அந்த வாயைத் துடைத்து, துணியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பாள். குழாய்முனையில் இருக்கிற றப்பர் வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவுவாள். அதற்குப் பிறகுதான் கையுறையைப் போட்டுக்கொண்டு பூட்டுவாள். ஒரு நாளில் ஐம்பது வாகனம் வந்தாலும் ஐம்பதுக்கும் இதே சடங்குதான்.

"தங்கச்சி, இது ஓட்டோ. மல்லியப்பூ இல்லை, மோந்து மோந்து பாக்கிறதுக்கு" என்று றுஸ்தி பகிடி விடுவான். றுஸ்தி உப்புக்குளத்தில் காஸ் ஓட்டோ ஓடுகிறவன். வாய் சும்மா இருக்காது.

அந்த றுஸ்தியின் வாயை அடைத்ததும் அவளுடைய மூக்குத்தான். ஒருநாள் காலை, அவன் ஓட்டோவுக்குப் பூட்டப் போனவள் திடீரென்று பம்பை நிறுத்திவிட்டு, "எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்றாள். எங்களுக்கு ஒன்றும் மணக்கவில்லை. முதலாளி வந்து, வியாபார நேரத்தில் என்ன விளையாட்டு என்று சத்தம் போட்டார். அவள் ஒரு கோப்பையில் சவர்க்காரத் தண்ணீர் கரைத்து, சவரம் செய்கிற தூரிகை ஒன்றால் குழாயின் பூட்டுகள் எல்லாவற்றிலும் பூசிக்கொண்டு போனாள். அடிப்பூட்டில் ஒரு சின்னக் குமிழ் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு குஞ்சுகுஞ்சாக வரத் தொடங்கிவிட்டது. முதலாளி தன் சேட்டுப்பையில் இருந்த சிகரெட் பெட்டியை மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டுத் தூரப் போனார்.

இன்னொரு நாள், உச்சி வெய்யிலில் றுஸ்தியின் ஓட்டோவுக்குக் காஸ் ஏறவில்லை. "பம்ப் பழுது" என்று அவன் கத்தினான். அவள் தாங்கியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "எங்க நிப்பாட்டி வச்சிருந்தீங்கள்?" என்று கேட்டாள். பஸ் நிலையத்தில், வெய்யிலில், காலையிலிருந்து. "தாங்கி கொதிக்குது. உள்ளுக்கு இருக்கிற காஸ் விரிஞ்சு, வெளியில இருந்து வாற காஸை உள்ளுக்கு விடுதில்லை. அந்த நிழல்ல போய் நில்லுங்கோ" என்று, நிழலில் படுத்திருந்த கழுதைகளை ஓட்டி இடம்பண்ணிக் கொடுத்து, தாங்கிக்கு மேல் நனைத்த சாக்கையும் போட்டுவிட்டாள். அரை மணித்தியாலத்தில் காஸ் ஏறியது.

நானும் அவளோடு சண்டை பிடித்திருக்கிறேன். தாங்கி முழுக்க நிறைய முன்னமே பம்ப் தானாக நின்றுவிடுகிறது, என்னை ஏமாற்றுகிறாய் என்றேன். அவள் சிரித்தாள். "சோத்துப் பானைக்குக் கழுத்துவரை தண்ணி விட்டு அடுப்பில வைப்பீங்களா அண்ணே? பொங்கிறதுக்கு இடம் வேணாமா? இதுக்கும் அஞ்சில ஒரு பங்கு வெறுமையா இருக்கோணும். தாங்கிக்குள்ள ஒரு மிதவை இருக்கு, அதுதான் நிப்பாட்டுது. நான் இல்லை." நியாயம்தான். எனக்கு நியாயம் விளங்கும். விளங்கியதை உடனே ஒத்துக்கொள்வதுதான் வராது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் சோளகம் பேய்க்காற்றாக அடித்தது. அந்தக் காற்றில் மணலும் உப்பும் சேர்ந்து வரும். பேசாலையில் சோளகம் தொடங்கினால் இரும்பு, பித்தளை எல்லாவற்றுக்கும் சுறா எண்ணெய் பூசிவிடுவோம். வள்ளத்துப் பலகைக்குப் பூசுகிற அதே எண்ணெய்தான். பூசினால் காய்ந்து தோல்போலப் பிடித்துக்கொள்ளும், உப்புத் தின்னாது. கேற்றுக் கொளுக்கி, யன்னல் பிணைச்சல், கிணற்றுக் கப்பி என்று நான் ஒன்றையும் விடமாட்டேன். கோழி இறகும் எண்ணெய் ரின்னுமாக வீட்டைச் சுற்றி வருவேன்.

அந்தச் சோளகம் முடிகிற நேரத்தில், ஆவணியில், ஓட்டமில்லாமல் மூன்று கிழமை வீட்டில் நின்ற காரை எடுத்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமை காஸ் நிரப்பப் போனேன். கிருஷாந்தி வழக்கம்போல மூடியைத் திறந்து மூச்சை இழுத்தாள். முகத்தைப் பின்னால் எடுத்தாள். மறுபடி குனிந்து இழுத்தாள்.

"அண்ணே, இதில ஏதோ மணக்குது" என்றாள்.

"காஸ் எண்டா மணக்கும்தானே" என்றேன்.

"காஸ் இல்லை. வேற ஒண்டு. மீன் மணம் மாதிரி. ஏதும் பூசினீங்களா?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். றுஸ்தியின் சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்டது.

இதை வாசிக்கிற ஒருவர் கரையில் பிறக்காதவர் என்றால் அவருக்கு என் கோபம் விளங்காது. நாங்கள் பஸ்ஸில் ஏறினால் மூக்கைப் பொத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்கமாட்டோம் என்ற பிள்ளைகள் இருந்தார்கள். 'மீன் மணம்' என்றதும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. அவள் காரைச் சொன்னாள். நான் என்னைச் சொன்னதாக எடுத்தேன். மலையகத்திலிருந்து வந்த ஆட்களை இங்கே சிலர் கேவலமாகச் சொல்கிற ஒரு சொல் இருக்கிறது. அதை அவளுடைய முகத்துக்கு நேரே, எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். அதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லும்போது வெட்கமாக இருக்கவில்லை.

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கிருஷாந்தி குழாயைப் பூட்டினாள். மற்ற நாளில் இரண்டு நிமிடத்தில் ஏறுகிற காஸ் அன்றைக்குப் பத்து நிமிடமாக ஏறியது. அதுவும் அரைவாசிக்குத்தான். கழற்றும்போது, "காஸ் இறங்கிறது கஷ்டமா இருக்கு. தெரிஞ்ச ஒராளிட்ட இந்த வாயைக் காட்டுங்கோ" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நான் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு புறப்பட்டேன். யாரிடமும் காட்டவில்லை.

இரண்டு நாள் நன்றாக ஓடினேன். புதன்கிழமை காலை மடுக் கோயிலுக்கு ஒரு வாடகை ஓட்டம். ஒரு குடும்பம் சாப்பாட்டுப் பொதியும் பாயுமாகப் பேசாலையில் எனக்காகக் காத்திருந்தது. காஸ் நிரப்பிக்கொண்டு வருகிறேன் என்று போனேன். குழாயைப் பூட்டிப் பம்பைப் போட்டாள். பம்ப் இரைந்தது, மீற்றர் அசையவில்லை. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

கிருஷாந்தி பதறவில்லை. குழாயைக் கழற்றி றுஸ்தியின் ஓட்டோவுக்குப் பூட்டினாள், நன்றாக ஏறியது. மாத்திரைப் போத்தலில் பத்திரமாக வைத்திருந்த புது றப்பர் வளையம் ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்த்தாள். ஏறவில்லை. தாங்கியில் கை வைத்துப் பார்த்தாள்.

"அண்ணே, பம்ப் நல்லம். வளையம் புதுசு. தாங்கி சூடில்லை. காஸ் காட்டுற முள்ளு அடியில நிக்குது, அதால நிறைஞ்சிருக்கவும் இல்லை. அப்ப அடைப்பு உங்கட காரிலதான். வாயில இருக்கோணும், இல்லாட்டித் தாங்கிக் கழுத்தில."

ஒரு வைத்தியர்கூட இவ்வளவு சுருக்கமாக எனக்கு என்ன நோய் என்று சொன்னதில்லை. ஆனால் எனக்கு ஓட்டம் போய்விட்டது. மடுவுக்குப் போகவிருந்தவர்கள் கைத்தொலைபேசியில் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "நீதான் முறுக்கி முறுக்கி என்ர காரின்ர வாயை உடைச்சுப்போட்டாய்!" என்று கத்தினேன். நேரே கந்தோருக்குள் போய், முதலாளிக்கு எதிரில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன்.

முதலாளி கொன்ஸ்ரன்ரைன் கெட்டவர் அல்ல. கரையில் மீன் காயவிடுகிற வாடி நடத்தி முன்னுக்கு வந்த, எங்கள் பக்கத்து ஆள். ஆனால் எழுத்தில் முறைப்பாடு வந்தால் பயந்துவிடுவார். என் முன்னாலேயே கிருஷாந்தியைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை கொழும்பில இருந்து பம்ப் பாக்கிற ஆள் வருகுது பிள்ளை. காரின்ர பிழை எண்டா ஒண்டுமில்லை. பிழை உன்ர கையில எண்டு அவர் எழுதினா, நான் உன்னை வச்சிருக்கேலாது. பிறகு என்னோட கோவிக்காத."

"சரி ஐயா" என்றாள் கிருஷாந்தி. வெளியே போய் அடுத்த ஓட்டோவின் மூடியைத் திறந்து மூச்சை இழுத்தாள்.

அடியில் கிடந்த காஸில் காரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். அடுத்த நாள் ஓட்டம் இல்லை. சும்மா இருக்கத் தெரியாதவன் என்ன செய்வான்? எண்ணெய் ரின்னையும் கோழி இறகையும் எடுத்துக்கொண்டு கேற்றுக் கொளுக்கிக்குப் பூசத் தொடங்கினேன். பெற்றிசியா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அதுக்கும் பூசுங்கோ, இதுக்கும் பூசுங்கோ. போன மாதம் காரையும் விடேல்லை நீங்கள்" என்றாள்.

"காருக்கு எங்க பூசினான்?"

"ஏன், அந்தக் காஸ் அடிக்கிற வாயைத் திறந்து, ஈர்க்கால குத்திக் குத்தி உள்ளுக்கு ஊத்தினீங்கள்தானே. உப்புப் பிடிக்கப்போகுது எண்டு."

இறகு கையிலேயே நின்றுவிட்டது. ஓம். பூசினேன். ஆடி மாதத்தில் ஒருநாள், காற்று எழும்பின பின்னேரம். மூடியைத் திறந்து, காஸ் திரும்பி வராமல் தடுக்க உள்ளே இருக்கிற சின்ன அடைப்பை ஈர்க்கால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தாராளமாகவே ஊற்றினேன். செய்ததே மறந்துபோயிருந்தது. யன்னல் பிணைச்சலுக்குப் பூசுவதை யாராவது நினைவில் வைத்திருப்பார்களா?

காரடிக்குப் போய் மூடியைத் திறந்து ஈர்க்கை விட்டுப் பார்த்தேன். முன்பு மெத்தென்று உள்ளே போன அடைப்பு இப்போது கல்லாக நின்றது. காரணத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த எண்ணெய் காய்ந்து பிசினாகிப் பிடித்துக்கொள்ளும் என்பதற்காகத்தானே முப்பது வருடமாக அதை வள்ளத்துப் பலகைக்குப் பூசினேன்! குனிந்து மூச்சை இழுத்தேன். ஒரு மணமும் இல்லை. பெற்றிசியாவைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். அவளுக்கும் மணக்கவில்லை. அந்த மணத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த மூக்குகள் எங்களுடையவை. நறுவிலிக்குளத்து வயல் நடுவில் வளர்ந்த ஒருத்திக்குத்தான் அது மணந்திருக்கிறது.

கிருஷாந்தியின் வேலைக்கு ஆபத்து என்று பெற்றிசியாவிடம் அப்போதுதான் சொன்னேன். அவள் கருவாட்டுக் கையைக் கழுவாமல் வந்து என் முன்னால் நின்றாள்.

"நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ."

"சொன்னா செட்டில நிக்கிறவன் எல்லாம் சிரிப்பான். றுஸ்தி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்."

"சிரிக்கட்டும். அந்தப் பிள்ளையின்ர வீட்டில உலை வைக்கிறது அவளின்ர சம்பளத்தில. உங்கட மானம் உலை வைக்குமே?"

சொல்லத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டேன். போகிற வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்தேன். கார் செட்டுக்குள் நுழைந்ததும் காஸ் தீர்ந்து நின்றது. கடைசி நாலு முழத்தைப் பெடியன்கள் தள்ளினார்கள்.

செட்டில் நல்ல கூட்டம். விசாரணை என்றால் எங்கள் ஆட்களுக்குத் திருவிழாத்தானே. கொழும்பிலிருந்து வந்தவர் கண்ணாடி போட்ட, பேச்சுக் குறைந்த மனிதர். முதலில் பம்பைச் சோதித்தார். குற்றமில்லை. பிறகு என் கார்த் தாங்கியின் வால்வை இறுக மூடிவிட்டு, காஸ் அடிக்கிற வாயைக் கழற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே தேன் நிறத்தில் பிசின். அதற்குள் மணல். பித்தளை அடைப்பு அதில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது.

"இது உடையல. யாரோ எண்ணெய் விட்டிருக்காங்க" என்றார். கிருஷாந்தியைப் பார்த்தார். "லேசாப் பூட்டலாம்னு சில இடத்துல பம்ப் முனைக்கு எண்ணெய் போடுற பழக்கம் இருக்கு. நீங்க போட்டீங்களா?"

"இல்லைங்க. நான் எண்ணெயே பாவிக்கிறதில்லை. திங்கக்கிழமையே இது மணந்தது. மீன் எண்ணெய் மாதிரி."

முதலாளி கொன்ஸ்ரன்ரைன் அதை வாங்கி மோந்து பார்த்தார். "எனக்கு ஒண்டும் மணக்கேல்லையே" என்றார். அவர் வாடி நடத்தினவர். அவருக்கு எப்படி மணக்கும்? கூட்டத்தில் நின்ற இரண்டு மூன்று பேரும் வாங்கி மோந்து பார்த்துத் தலையாட்டினார்கள். எல்லாரும் கரைவாசிகள்.

கொழும்புக்காரர் தானும் மோந்தார். "மணம் இருக்குதான். ஆனா மன்னார்ல மீன் எண்ணெய் யார் கையிலயும் இருக்கும். யார் போட்டாங்கன்னு தெரியாட்டி, பம்ப் நடத்துறவங்க கவனக்குறைவுன்னுதான் நான் எழுதவேணும்."

இதுதான் நான் பேசவேண்டிய இடம். எல்லாம் ஒத்திகை பார்த்து வந்தேன். வாய் திறக்கவில்லை. றுஸ்தி எனக்குப் பக்கத்தில் நின்றான். முப்பது வருடம் கடலில் அலைக்குப் பயப்படாதவன், பத்துப் பேருடைய சிரிப்புக்குப் பயந்து நின்றேன்.

முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு, "கையுறையைக் கழட்டிக் கந்தோரில குடு பிள்ளை" என்றார்.

கிருஷாந்தி கையுறைகளைக் கழற்றி ஒன்றின்மேல் ஒன்றாக மடித்தாள். கந்தோர்ப் பக்கம் இரண்டடி நடந்தாள். அப்போது ஒரு காற்று மணலை வாரிக்கொண்டு வந்தது. அவள் திரும்பினாள். வாய் கழற்றின இடம் என் காரில் ஓட்டையாகத் திறந்து கிடந்தது. தன் வெள்ளைத் துணியை எடுத்து அதற்கு மேலே போட்டு, நாலு பக்கமும் இழுத்து, இடையில் வைத்திருந்த றப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டினாள். "மணல் போனா குழாய் முழுக்கக் கெட்டுப்போயிரும்" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மறுபடி நடந்தாள்.

வேலை போய்விட்டது. போகவைத்தவனுடைய கார். அதற்குள் மணல் போகக்கூடாது என்று துணி கட்டிவிட்டுப் போகிறாள்.

"நான்தான் பூசினனான்" என்றேன். சத்தமாகத்தான் வந்தது. "சுறா எண்ணெய். வள்ளத்துக்குப் பூசிற மாதிரிக் காருக்கும் பூசினனான். உப்புப் பிடிக்கும் எண்டு. திங்கக்கிழமை இந்தப் பிள்ளை கேட்டது, ஏதும் பூசினீங்களோ எண்டு. தெரிஞ்ச ஆளிட்டக் காட்டச் சொல்லியும் சொன்னது. நான் கேக்கேல்லை. கேக்காம என்ன சொன்னனான் எண்டும் சொல்லுறன்." அந்தச் சொல்லையும் சொன்னேன். இரண்டாம் தரம் என் வாயால் அது வந்தபோது எனக்கே அருவருத்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பான் என்று நான் பயந்த றுஸ்திதான் முதலில் அசைந்தான். போய், கிருஷாந்தியின் கையில் இருந்த கையுறைகளில் ஒன்றை எடுத்து அவளிடமே நீட்டி, "போடுங்கோ தங்கச்சி. எனக்குக் காஸ் அடிக்கோணும், சவாரி நிக்குது" என்றான்.

கொழும்புக்காரர் அறிக்கையைக் கிழித்து வேறொன்று எழுதினார். பம்ப் நடத்துபவர் குறையை முன்கூட்டியே கண்டு எச்சரித்திருக்கிறார் என்று அதில் எழுதியதை முதலாளி எல்லாருக்கும் கேட்க வாசித்தார். நான் என் முறைப்பாட்டுக் கடிதத்தை வாங்கிக் கிழித்தேன். கொழும்புக்காரர் தன் பெட்டியில் இருந்த புது வாய் ஒன்றைப் பூட்டித் தந்துவிட்டு, "இதுக்கு மூடி மட்டும் போதும், எண்ணெய் வேண்டாம்" என்றார். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கிருஷாந்தி மூடியைத் திறந்து, மூச்சை இழுத்து, துடைத்து, வளையத்தைத் தடவி, பூட்டினாள். மீற்றர் ஓடத் தொடங்கியது. அது ஓடுகிற சத்தத்தை அதற்கு முன் நான் கவனித்ததேயில்லை. ஐந்தில் நாலு பங்கு நிறைந்ததும் தானாக நின்றது. நான் சண்டை பிடிக்கவில்லை.

மற்றவர்கள் விலகிப்போன பிறகு அவளுக்குக் கிட்டப் போனேன். "பிள்ளை, அந்தச் சொல்லு... நான் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கொள்" என்றேன்.

அவள் குழாயைச் சுருட்டிக் கொளுவிக்கொண்டிருந்தாள். "அந்தச் சொல்லு எனக்குப் பழக்கம் அண்ணே" என்றாள். "பள்ளிக்கூடத்தில இருந்து கேக்கிறன். இப்பெல்லாம் கேட்டாலும் கேக்கிற மாதிரி இருக்கிறதில்லை. அந்த எண்ணெய் மணம்தான் எனக்குப் பழக்கமில்லை."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் தாங்கி சூடு, வளையம் புதுசு என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். காரை எடுத்துக்கொண்டு பேசாலைக்கு வந்தேன்.

இது நடந்து ஒரு வருடமாகிறது. கிருஷாந்தி இப்போதும் அங்கேதான் நிற்கிறாள். பேசாலையிலிருந்து காஸ் வாகனம் வந்தால் முதலில், "சுறா எண்ணெய் பூசினீங்களோ?" என்று கேட்கிறாள். என் பெயரைச் சொல்வதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன் பெற்றோல் பம்ப் ஒன்றிலும் மணம் பிடித்துக் கசிவைக் கண்டுபிடித்தாள். முதலாளி இப்போது அவள் சொன்னால் மறுகேள்வி கேட்பதில்லை.

போன கிழமை எனக்கு முன்னால் வரிசையில் ஒரு வான் நின்றது. ஓட்டுநர் எனக்குத் தெரியாத ஆள். கிருஷாந்தி எல்லாரையும் இறங்கச் சொன்னாள். அவன் இறங்காமல், யன்னலுக்குள்ளால் தலையை நீட்டி, அந்தச் சொல்லைச் சொன்னான். கிருஷாந்தி அது காதில் விழாததுபோல, ஒரே குரலில், இரண்டாம் தரமும் இறங்கச் சொன்னாள்.

எனக்குக் கேட்டது. அவள் என்னை இறங்கச் சொல்ல முன்னமே நான் காரை விட்டு இறங்கினேன்.